வெறி என்று வந்தாலே ஒரே ஆங்கிலச் சொல்லா?

காவேரிப்பட்டணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆவணப்படத்துக்கு நீ எழுதி அனுப்பிய ஆங்கில வசனவரிகளை (சப்டைட்டில்) முழுக்கப் படித்துவிட்டேன். நேரக்கணக்கும் எழுத்தளவும் ஒழுங்காக இருக்கின்றன. ஒரு இடத்தில்தான் இடறுகிறது. தமிழில் யார் 'வெறி' என்று சொன்னாலும் கீழே 'ஃபனாட்டிசிசம்' என்றே போட்டிருக்கிறாய். கூத்துக்கலைஞர் சொல்லும் வெறி வேறு, பெட்டிக்கடைக்காரர் கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லும் வெறி வேறு, 2012 நவம்பரில் தருமபுரி அருகே வீடுகளைக் கொளுத்தியதைப் பற்றிப் பின்னணிக் குரல் சொல்லும் வெறி வேறு. தமிழில் முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் சொல்லே பொருளைப் பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் அந்தப் பிரிவினைக்குத் தனித்தனிச் சொல் வேண்டும்.

சுலபமானவற்றை முதலில் தள்ளிவிடுவோம். பணவெறிக்கு 'கிரீட்' போதும். பதவிவெறிக்கு 'லஸ்ட் ஃபார் பவர்'. கொலைவெறிக்கு 'மர்டரஸ் ரேஜ்'. குடிவெறியில் செய்தான் என்றால் 'டிரங்கன்' என்ற அடைமொழியே வேலையை முடித்துவிடும். நிறவெறி என்று நம் பத்திரிகைகள் எழுதியது பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவை நினைத்து. அங்கே 1948 முதல் அரசாங்கக் கொள்கையாகவே இருந்ததற்கு 'அபார்தைட்' என்று பெயர். மற்ற இடங்களில் 'ரேசிசம்'. இவற்றில் எதற்கும் ஃபனாட்டிக் பொருந்தாது. அந்தச் சொல்லுக்கு ஒரு நம்பிக்கையோ, கொள்கையோ, தலைவனோ, குறைந்தபட்சம் ஒரு பொழுதுபோக்கோ வேண்டும். காசு மேல் பேராசை பிடித்தவனுக்கு அதெல்லாம் கிடையாது.

ஃபனாட்டிக் எவ்வளவு சுடும் என்பது அதற்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பொறுத்தது. 'ஃபிட்னஸ் ஃபனாட்டிக்' என்றால் விடியற்காலை நாலரைக்கு ஓடுகிற ஆள். கேலி உண்டு, வசை இல்லை. சுத்தத்தில் ரொம்பக் கறார் என்பதற்கு 'ஃபனாட்டிகல் அபௌட் கிளீன்லினெஸ்' என்பார்கள், அதுவும் பாதி பாராட்டுதான். அதே சொல்லுக்கு முன்னால் 'ரிலிஜியஸ்' வந்துவிட்டால் சிரிப்பு போய்விடும். ஆகவே பெட்டிக்கடைக்காரர் தன்னைக் 'கிரிக்கெட் வெறியன்' என்பதற்கு 'கிரிக்கெட் ஃபனாட்டிக்' தப்பில்லை. என்றாலும் 'டை-ஹார்ட் ஃபேன்' அவர் வாய்க்கு இன்னும் பொருந்தும். அந்த டை-ஹார்ட் 1811-இல் ஸ்பெயினில் அல்புவேராப் போரில் ஆங்கிலேயரின் 57-ஆவது படைப்பிரிவுக்குக் கிடைத்த பட்டப்பெயர். பிடித்த இடத்தை விடாமல் நின்று சாவது என்ற பொருள். எதிரணி ரசிகனை அடிக்கப் போகிறவன் என்றால் 'ரேபிட் ஃபேன்' என்று போடலாம். ரேபிட் என்பது ரேபிஸ் நோயோடு பிறந்த சொல், நம் வெறிநாயில் இருக்கும் அதே வெறி. அதனால்தான் சொல்கிறேன், சந்தைக் காட்சியில் துரத்துகிற நாய்க்கு 'ரேபிட் டாக்' என்று போடாதே. அதற்கு நோய் இருந்ததாகப் படத்தில் யாரும் சொல்லவில்லை. 'விஷஸ்', அதாவது மூர்க்கமான, போதும்.

'ஃபேன்' என்பதே ஃபனாட்டிக்கின் வாலை வெட்டிய வடிவம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தை ஒட்டிப் பரவியது. ஓசூர்க் காட்சியில் பின்னால் தெரியும் கன்னடப் பலகையில் 'அபிமானி' என்று இருப்பதும் ரசிகர்தான். அதற்கும் ஃபனாட்டிக் என்று போட்டிருக்கிறாய். 'ஃபேன்' என்று திருத்து. கன்னடத்தில் மதவெறியனுக்கு 'மதாந்த', மதத்தால் கண் தெரியாமல் போனவன். தெலுங்கில் மதவெறிக்கு 'மதோன்மாதம்', மதம் தலைக்கேறிய பித்து. நம் எல்லைப் பகுதியில் இந்த மூன்று மொழியும் ஒரே டீக்கடையில் கலந்து வரும், காதைத் தீட்டி வைத்துக்கொள்.

இனி கூத்து. பாரதக் கூத்தில் துகில் உரியும் இடத்தில் 'ஆவேசம் வந்திருச்சு, வெறியாடுறார்' என்று ஒருவர் சொல்கிறார் இல்லையா, அங்கே ஃபனாட்டிசிசம் போட்டதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. அங்கே அந்த ஆள் யாரையும் வெறுக்கவில்லை, எந்தக் கொள்கைக்கும் சண்டை போடவில்லை. அவர் மேல் சாமி இறங்கியிருக்கிறது. 'ஹீ இஸ் பொஸஸ்ட்' அல்லது 'தி காடஸ் ஹாஸ் என்டர்ட் ஹிம்'. ஆவேசம் என்றாலே உள்ளே புகுதல்தானே, இரண்டாவது வரி இன்னும் நெருக்கம். 'ஃப்ரென்ஸி' என்று எழுதினால் வெளியிலிருந்து மூக்கைச் சுளித்துப் பார்ப்பது போல இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், வேர் வரைக்கும் போனால் நீ போட்டது முழுத் தப்பு இல்லை. லத்தீனில் 'ஃபானும்' என்றால் கோயில். 'ஃபனாட்டிகஸ்' என்றால் கோயிலில் தெய்வம் ஏறி ஆடுகிறவன். கோயிலுக்கு வெளியே நிற்பது என்ற பொருளில்தான் 'புரொஃபேன்' என்ற சொல்லும் அங்கிருந்து வந்தது. நம் வெறியும் அப்படியே கிளம்பியதுதான். தொல்காப்பியத்தில் வேலன், அதாவது முருகன் பூசாரி, ஆடும் வெறியாட்டு வருகிறது. சங்க அகப்பாட்டில் மகள் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்துத் தாய் வேலனைக் கூப்பிடுவாள். அவன் கழங்குக் காய் போட்டுக் குறி பார்த்து, மறியை (ஆட்டுக்குட்டியை) அறுத்து, முருகன் ஏறி ஆடுவான். பெண்ணுக்குக் காதல் என்பது தாயைத் தவிர எல்லாருக்கும் தெரியும். (தாய்மாரை இப்படி மட்டம் தட்டுவது அப்போதிருந்தே உண்டு.) அதே சங்கப் பாட்டில் 'வெறி கமழ்' என்றால் நறுமணம் வீசுகிறது என்று பொருள். ஆக இரண்டு சொல்லும் சாமியாட்டத்தில் தொடங்கி வசையில் வந்து நிற்கின்றன. ஆங்கிலச் சொல்லில் அந்தப் பழைய பொருள் செத்துவிட்டது, தமிழில் கூத்து மேடையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் அங்கே ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட முடியாது.

மலைக்கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று 'வைராக்கியமா நின்ன' பெரியவருக்கு 'ஸெலட்' (கொள்கைவெறியர்) என்று கொடுத்திருக்கிறாய். மாற்றிவிடு. 'ஸீல்' (ஊக்கமான ஈடுபாடு) நல்ல சொல், 'ஸெலஸ்' பெரும்பாலும் நல்ல சொல், 'ஸெலட்' வசை, 'ஸெலட்ரி' அதைவிட வசை. வேர் ஒன்றுதான், கிரேக்கத்தில் 'ஸேலோஸ்'. பொறாமையைக் குறிக்கும் 'ஜெலஸ்' கூட அதன் பேரப்பிள்ளை. முதல் நூற்றாண்டில் ரோமை எதிர்த்த யூதர்களில் ஒரு பிரிவுக்கு ஸெலட் என்று பெயர். 66-இல் தொடங்கிய கிளர்ச்சியில் 70-இல் எருசலேம் விழுந்தது. அவர்கள் கதையை எழுதி வைத்த யோசேபஸ் ரோமர் பக்கம் போய்விட்டவர், அதனால் அந்தப் பெயருக்கு நல்ல பேச்சு கிடைக்கவில்லை. தமிழ் பைபிளில் 'செலோத்தே என்னப்பட்ட சீமோன்' என்று ஒரு சீடர் வருவார், அதே சொல்தான். பைபிளைத் தமிழாக்கியவர்கள் 'ஸீல்' என்ற இடத்தில் வைராக்கியம் என்று எழுதினார்கள். வடமொழியில் வைராக்கியம் என்றால் பற்றை விடுவது, பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்கிறோமே அது. பேச்சுவழக்கில் பிடித்ததை விடாதது என்று தலைகீழாகிவிட்டது. அந்தப் பெரியவருக்கு 'ஹீ வுட் நாட் கிவ் அப்' போதும். பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் 'ரிசால்வ்'.

சாதிவெறியில்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். டீக்கடையில் ஒருவர் தன் சாதிப் பெருமை பேசி அடுத்த சாதியை இளக்காரம் செய்கிறார். அது 'பிகட்ரி', அவர் 'பிகட்'. ஃபனாட்டிக் தன் நம்பிக்கையைக் கட்டிக்கொண்டு திரிகிறவன், பிகட் அடுத்தவனைத் தாழ்வாக நினைப்பவன். பிகட் சத்தம் போட வேண்டியதே இல்லை. சிரித்துக்கொண்டே தனி டம்ளரில் டீ கொடுக்கிறவனும் பிகட்தான். ஆனால் 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் வீடுகளைக் கொளுத்தியதைப் பின்னணிக் குரல் 'சாதிவெறி' என்கிறது. அங்கே 'பிகட்ரி' போட்டால் அது வெறும் கருத்தாகச் சுருங்கிவிடும். 'ஃபனாட்டிக்ஸ்' போட்டால் புத்தி பேதலித்த நாலு பேர் செய்தது போல ஆகிவிடும். பட்டம் எதுவும் வேண்டாம். கும்பலாக வந்தார்கள், கொளுத்தினார்கள் என்று வினைச்சொல்லை எழுது, முன்னால் 'காஸ்ட் ஹேட்ரட்' என்று காரணத்தை வை. தன்னை ஃபனாட்டிக் என்று, பொழுதுபோக்கைத் தவிர வேறு எதிலும், யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அது எப்போதும் எழுதுகிறவனின் தீர்ப்பு. பேட்டியில் ஒருவர் இன்னொருவரைப் பெயர் சொல்லி 'மதவெறியன்' என்றால் மேற்கோள் குறிக்குள், அவர் வாக்காகவே நிற்கட்டும். இல்லாவிட்டால் அது தயாரிப்பாளரே சொன்னது போல ஆகிவிடும்.

மதவெறிக்கு 'கம்யூனல்' என்று போட்டிருப்பது இந்தியாவில் மட்டும் செல்லும். லண்டனில் 'கம்யூனல் கிச்சன்' என்றால் எல்லாரும் சேர்ந்து சமைக்கும் அடுப்படி. படம் வெளிநாட்டு விழாக்களுக்குப் போவதாக இருந்தால் 'ரிலிஜியஸ் ஹேட்ரட்' அல்லது, இரு தரப்பு மோதல் என்றால், 'செக்டேரியன்'. மொழிவெறிக்கு 'லிங்குவிஸ்டிக் ஷோவினிசம்' சரி, நீளம்தான் இடிக்கும். 'ஃபண்டமென்டலிஸ்ட்' எங்கேயும் வேண்டாம். 1920-இல் அமெரிக்காவில் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் தங்களுக்கே பெருமையாக வைத்துக்கொண்ட பெயர் அது. வேதத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவன் என்று பொருள், அடிக்கிறவன் என்று இல்லை.

இந்த மாற்றங்களால் உன் ஒரு வரிக்கு 42 எழுத்து என்ற வரம்பு பெரும்பாலும் மீறாது. ஃபனாட்டிசிசத்துக்கு ஆங்கிலத்தில் 10 எழுத்து, பிகட்ரிக்கு 7. அங்கே குறைந்துதான் வரும், நீளமான சொற்றொடர்களை மட்டும் எண்ணிப் பார்.

ஆங்கிலக் குரல் கொடுக்கிற பெண்ணிடம் உச்சரிப்பையும் சொல்லிவிடு. ஃபனாட்டிக்கில் அழுத்தம் நடுவில், 'னா'வில். ஃபேன் நினைப்பில் 'ஃபேனட்டிக்' என்று முதலில் தட்டுவது நம் ஊர்ப் பழக்கம். ஸீல் நெடில், ஸெலட் குறில். பிகட்டில் கடைசி 'ட்' காதில் விழ வேண்டும், பிரெஞ்சுச் சொல் போல விழுங்கக் கூடாது.

அடுத்த பாகத்தில், நம் பகுதி பாரமகால் என்று அழைக்கப்பட்ட காலத்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்கள் வருகின்றன என்றாயே. 1792-க்குப் பிறகு கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் இங்கே இருந்தபோதைய ஆங்கிலத்தில் 'என்தூசியாஸ்ட்' என்று எங்கேயாவது கண்ணில் பட்டால் உற்சாகமானவர் என்று தமிழாக்கிவிடாதே. ஜான்சனின் 1755 அகராதியில் என்தூசியாசம் என்றால் கடவுள் தன்னிடம் தனியாகப் பேசுவதாக வீணாக நம்புவது. பிறகுதான் அது நல்ல சொல்லாக மாறியது. அந்தப் பக்கங்களைத் தமிழாக்குவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா