பிறர் செலவில் காத்த பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்தர் மில்லரின் ‘தி குரூசிபிள்’ நாடகத்தைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியிலுள்ள சேலத்தில் 1692இல் நடந்த சூனிய வழக்குகளின் அவலத்துக்கெல்லாம் அபிகெயில் என்ற இளம்பெண்ணின் பொறாமையையே காரணமாகக் காட்டியிருந்தது. ஊரார் சூனியம் செய்வதாக அவள் பொய் சொன்னாள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பொய் நீதிமன்றம் ஏறித் தூக்குமரம் வரை போனதற்கு, ஊரில் மதிப்போடு வாழ்ந்தவர்கள் தங்கள் பெயர் கெட்டுவிடுமோ என்று அஞ்சியதும் காரணம். கட்டுரையில் அது விடுபட்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் அங்கத்தில் மகள் அசைவற்றுக் கிடக்கும்போது, பெண்கள் காட்டில் ஆடிய செய்தி எதிரிகளுக்குத் தெரிந்தால் தம் பதவி என்னாகும் என்றே பாதிரியார் பாரிஸ் திரும்பத் திரும்பக் கவலைப்படுகிறார். பழி முதலில் யார் மேல் விழுகிறது? பார்படோஸிலிருந்து கொண்டுவரப்பட்ட அவருடைய அடிமைப் பெண் திதுபாவின் மேல். காத்துக்கொள்ள ஒரு பெயரோ பரிந்து பேச ஓர் ஆளோ இல்லாத அவள், சவுக்கடிக்கும் தூக்குக்கும் பயந்து, கேட்பவர்கள் எதிர்பார்க்கும் பதிலாக ஊரார் சிலரின் பெயரைச் சொல்லிவிடுகிறாள். பாரிஸின் வீட்டைச் சூழவிருந்த அவப்பெயர் அந்தக் கணமே ஊராரின் மேல் திரும்பிவிடுகிறது.

நீதிபதி டான்ஃபோர்த் பாரிஸைவிடக் கொடியவர் என்பேன். கடைசி அங்கத்தில் அபிகெயில் பாரிஸின் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடிவிட்ட செய்தி தெரிந்த பிறகும், ஏற்கெனவே 12 பேரைத் தூக்கிலிட்டாயிற்று, இப்போது மற்றவர்களை மன்னித்தால் இறந்தவர்களின் குற்றம் சந்தேகத்துக்குள்ளாகும் என்று அவர் மறுக்கிறார். நீதிமன்றம் தவறவில்லை என்று காட்டுவதற்காகவே எஞ்சியவர்களும் சாக வேண்டியிருக்கிறது.

நாடகத்தின் நாயகனான விவசாயி ஜான் பிராக்டரையும் இதிலிருந்து விலக்க முடியாது. அபிகெயிலும் மற்றப் பெண்களும் சொல்வது பொய் என்று அறிந்தும், மனைவி எலிசபெத் வற்புறுத்தியும், அவன் நீதிமன்றத்துக்குப் போகத் தயங்குகிறான். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் அபிகெயிலோடு அவனுக்கிருந்த உறவு நிற்பதை எலிசபெத் உணர்கிறாள். அதற்குள் அவளே கைதாகிறாள். பின்னர் மன்றத்தில் அவன் எல்லார் முன்னிலும் அந்த உறவை ஒப்புக்கொள்ள, அதை அறியாத எலிசபெத் கணவனின் மானத்தைக் காப்பதாக எண்ணி மறுத்துவிடுகிறாள். அவள் பொய்யே சொல்லாதவள் என்று சற்றுமுன் அவனே உறுதி கூறியிருந்ததால், அந்த ஒரு பொய் அவனைக் கவிழ்த்துவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் மனம் கலங்கும் இடம் இது.

இறுதியில் பிறரைக் காட்டிக்கொடுக்க மறுத்து, உயிர் தப்புவதற்காகச் சூனியம் செய்ததாக ஒப்புக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்திட்ட பிறகும், பிராக்டர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத் தூக்குமேடைக்குப் போகிறானே, அதை வீண் பிடிவாதம் என்று கட்டுரை ஒதுக்கியதை என்னால் ஏற்க இயலவில்லை. அவனும் தன் பெயரைத்தான் காக்கிறான். ஆனால் இம்முறை அதற்கான விலையைத் தானே கொடுக்கிறான். இந்நாடகம் மேடையேறியது 1953இல். மூன்றாண்டுகளுக்குப் பின் கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்ற மில்லரும் மற்ற எழுத்தாளர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தார். அதற்காக 1957இல் அவமதிப்புக் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றார். அடுத்த ஆண்டு அத்தீர்ப்பு ரத்தானது. பிராக்டரை எடைபோடுகையில் கட்டுரையாளர் இதையும் கருத்தில் கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்