அம்மணிக்கு, திருப்பூரிலிருந்து

அன்புள்ள அம்மணி,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் ஆராய்ச்சியில் மூலக்கூறைப் படிப்படியாகக் கட்டுகிற வேலை ஐந்து மாதமாக ஒரே படியில் நகராமல் நிற்கிறது, வினை ஓடியதா என்று பார்க்கும் டிஎல்சி தகட்டில் தொடக்கப் பொருளின் புள்ளி அப்படியே இருக்கிறது, பேசாமல் கம்ப்யூட்டர் பக்கம் போய்விடட்டுமா என்றாய். அப்போது எனக்குச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போவதில் தப்பே இல்லை. மூலக்கூறைத் திரையில் வரைந்து, புரதத்தின் குழிக்குள் பொருந்துமா என்று பார்ப்பதும் வேலைதான். 2024-ல் வேதியியல் நோபல் பரிசே அந்தப் பக்கம்தான் போனது. ஆனால் தோற்றுவிட்டோம் என்று நினைத்துப் போகாதே. ஒரு மூலக்கூறை எந்தெந்தப் படிகளில் கட்டலாம் என்று கம்ப்யூட்டரிடம் கேட்கலாம் என 1969-லேயே காட்டிய வேதியியலாளர் கோரே, குடுவையோடு வாழ்ந்தவர். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாயப்பட்டறையில் சாம்பிளுக்குச் சாயம் ஏற்றிய துண்டுகளை ஒட்டி வைக்கும் என் லேப் டிப் நோட்டு ஞாபகம் இருக்கிறதா? அதிலிருந்த துணித் துண்டுகளைப் பிய்த்துப் பொம்மைக்குப் புடவை கட்டுவாய். பாதிக்கு மேல் தப்பிய ஷேடுகள். ஒரு நேவி ப்ளூ ஆர்டரில் சாயம், உப்பு, சோடா, சூடு எல்லாம் அதே அளவு. ஆனால் ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் மங்கிவிடும். மூன்று வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. தப்பிய துண்டுகளையும் தேதி போட்டு ஒட்டி வைத்திருந்ததால் பிடிபட்டது: மங்கிய நாளெல்லாம் போர் தண்ணீர் விட்ட நாள். லாரித் தண்ணீர் விட்ட நாளெல்லாம் சரி. போர் தண்ணீரின் கடினம்தான் ஷேடைக் கெடுத்திருக்கிறது. நல்ல துண்டுகளை மட்டும் ஒட்டியிருந்தால் இன்னும் சாயத்தையே திட்டிக்கொண்டிருப்பேன்.

நீயும் ஓடாத வினைகளை முழுசாக எழுது. கரைப்பான் எந்தப் பாட்டில், அதை உலர்த்தி எத்தனை நாள் ஆயிற்று, காற்றை விரட்ட ஆர்கான் வாயு எவ்வளவு நேரம் விட்டாய், வினையைத் தூண்டும் பலேடியம் எந்தப் புட்டியிலிருந்து எடுத்தாய், எல்லாம். ஆய்விதழ்களில் பெரும்பாலும் ஓடிய வினைகள்தான் அச்சாகின்றன என்றாயே, அவற்றையே படித்துப் பழகிய மென்பொருளுக்கு ஓடாதது எப்படித் தெரியும்? நாளைக்கு நீ அந்தப் பக்கம் போனாலும் இந்த ஐந்து மாத நோட்டு உன்னோடு வரும்.

பன்னிரண்டு படி, படிக்கு 80 சதவீதம் கிடைத்தாலும் கடைசியில் நூறில் 7 பங்குகூட மிஞ்சாது என்று கணக்குப் போட்டுக் காட்டினாய். இப்படிக் கரைகிற வேலையில் ஒரு படி ஐந்து மாதம் பிடித்தால் அது உன் குறையா, கண்ணு?

அப்புறம் ஒன்று. 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக லேபில் 23 வயதுப் பெண், காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் எடுக்கும்போது தீப்பிடித்ததைப் படித்தேன். லேப் கோட் இல்லை, போட்டிருந்தது சின்தெடிக் ஸ்வெட்டர். பதினெட்டு நாளில் இறந்துபோனாள். எனக்குத் துணி தெரியும் அம்மணி. பாலியெஸ்டர் எரிந்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பியூட்டைல் லித்தியம் எடுக்கும் நாளில் தீ தாங்கும் கோட்டைப் போடாமல் பக்கத்தில் போகாதே. உள்ளே போட நாலு பருத்திச் சட்டை தைக்கச் சொல்லியிருக்கிறேன். தோளும் கை நீளமும் அளந்து அனுப்பு, டெய்லர் காத்திருக்கிறார்.

அப்பா