தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரமாக நீ போன் எடுக்கவில்லை. வேலையாக இருப்பாய் என்று அப்பா சொல்கிறார். சரி. இங்கே எல்லாரும் நலம். மாடி ஒழுகலை அடைத்தாயிற்று. அத்தை உன் கணுக்காலுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள், இதோடு அனுப்புகிறேன். வீக்கம் வடிந்துவிட்டதா? நேரத்துக்குச் சாப்பிடு.

பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய பாடக்குறிப்பு நோட்டு கிடைத்தது. உன்னைத் தூங்க வைக்கச் சொன்ன கிரேக்கக் கதையெல்லாம் அதில் இருக்கிறது. ரோட்ஸ் தீவு தியாகோரஸை எத்தனை ராத்திரி கேட்டிருப்பாய்! கி.மு. 464இல், அந்தக் காலத்து ஒலிம்பிக் போட்டி நடந்த ஒலிம்பியாவில் குத்துச்சண்டையில் ஜெயித்தவர். கி.மு. 448இல் அவருடைய மகன்கள் இரண்டு பேர் அதே ஒலிம்பியாவில் ஜெயித்து, அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே போனார்கள். "அப்பாவை நான் தூக்கினால் உன்னை யார் தூக்குவது?" என்று கேட்பாயே.

அதனால்தான் அவர் மகள் கல்லிபதெய்ரா கதையையும் சொன்னேன். மணமான பெண்கள் அங்கே வந்தால் மலையிலிருந்து தள்ளிவிடுவது சட்டம். அவள் பயிற்சியாளர் வேஷத்தில் மகனைக் கூட்டிப்போனாள். அவன் ஜெயித்ததும் தடுப்பைத் தாண்டிக் குதித்தாள், மாட்டிக்கொண்டாள். அப்பா, உடன்பிறந்தவர்கள், மகன் என்று அத்தனை பேரும் அங்கே வென்றவர்கள் என்பதால் விட்டுவிட்டார்கள். நீ முதல் கப் வாங்கிய அன்று நானும் மைதானக் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தேன். அந்தக் கப் இன்னும் அலமாரியில் முன்வரிசையில்தான் இருக்கிறது. அப்போதெல்லாம் எதுவானாலும் முதலில் என்னிடம்தான் சொல்வாய். இப்போது எதிர்வீட்டார் பேப்பரைக் கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்கிறது. அதில் என்ன போட்டிருந்தது என்று நான் கேட்கவில்லை. கணுக்காலைப் பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

அந்த நோட்டில் உனக்குச் சொல்லாமல் விட்ட ஒரு பக்கம் உண்டு. வென்றவர்களைப் பாடுவதுதான் பிண்டார் என்ற கவிஞரின் தொழில். கி.மு. 446இல், டெல்பி என்ற கிரேக்க ஊரில் நடந்த போட்டியில் மல்யுத்தம் ஜெயித்த ஏஜினா தீவு அரிஸ்தோமெனிஸுக்கு ஒரு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டில், அவனிடம் தோற்ற நாலு பேரையும் நினைத்துக்கொள்கிறார். அவர்கள் அம்மாவிடம் திரும்பியபோது சுற்றிலும் சிரிப்பு எழவில்லையாம். எதிரிகள் கண்ணில் படாமல் சந்து சந்தாக ஒதுங்கிப் போனார்களாம். அங்கே இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு என்று எதுவும் கிடையாது. ஒருவன் தலையில் இலைக் கிரீடம், மற்றவர்களுக்கு வெறுங்கை. ஒலிம்பியாவில் இறங்குகிறவன் பத்து மாதம் முறையாகப் பயிற்சி செய்தேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். தோற்றவனும் அந்தப் பத்து மாதம் உழைத்தவன்தானே. இதை ஏன் உனக்குச் சொல்லாமல் விட்டேன்?

மாவட்டப் போட்டியில் நீ நாலாவதாக வந்த அன்று, ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தாய். நான் தூங்கவில்லை, தம்பி. தூங்குவதுபோல் படுத்திருந்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றுதான் இத்தனை நாளாக எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குக் கோபம், பக்கத்து வீட்டாரிடம் அதற்குள் பெருமை பேசியிருந்தேன். நீயே சோறு போட்டுச் சாப்பிட்டாய். நான் எழுந்துவிடக் கூடாதென்று குழாயைக் கொஞ்சமாகத் திறந்து தட்டைக் கழுவினாய். உனக்குப் பதினாறு வயது. மறுநாளும் நான் பேசவில்லை.

மகன் தோற்றிருந்தால் கல்லிபதெய்ரா அந்தத் தடுப்பைத் தாண்டியிருப்பாளா? வகுப்பில் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன், இதை ஒருநாளும் கேட்டதில்லை.

எண்ணெயை லேசாகச் சூடு பண்ணித் தேய். நேரத்துக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்தால் விடியற்காலை வந்துவிடலாம். கையில் ஒன்றும் வாங்கி வர வேண்டாம். நான் முழித்திருப்பேன், ரசம் சுட வைத்துத் தருகிறேன்.

உன் அம்மா