அமெரிக்க வரி நிவாரணத்தில் ஜாப் ஒர்க் யூனிட்களையும் சேர்க்கக் கோரும் மனு

நாள்: 08.12.2025
இடம்: திருப்பூர்

அனுப்புநர்
அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், பி.என். ரோடு பகுதிகளில் தையல், செக்கிங், அயர்னிங் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துவோர்,
திருப்பூர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: அமெரிக்காவின் 50 சதவீதக் கூடுதல் வரியால் பாதிக்கப்பட்ட ஜாப் ஒர்க் யூனிட்களுக்கும் அவற்றின் தொழிலாளர்களுக்கும் கடன் தவணை நிவாரணம், கூலி பாக்கி வசூல், வேலையிழப்பு உதவி கிடைக்க வழி செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் ஏற்றுமதியாளர்கள் அல்ல. எங்கள் சிக்கலே இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எக்ஸ்போர்ட் கம்பெனிகள் கட்டிங் முடித்துக் கொடுக்கும் பீஸைத் தைத்து, பிசிறு வெட்டி, செக் செய்து, அயர்ன் போட்டுத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. 10 மிஷினில் ஆரம்பித்து 60 மிஷின் வரை வைத்திருக்கும் யூனிட்கள் எங்களில் உண்டு. நாங்கள் தைத்த பனியன் அமெரிக்கா போகிறது. சுங்கத்தில் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லில் எங்கள் பெயர் இருப்பதில்லை.

வரி விவரம் ஐயா அவர்களுக்குத் தெரிந்ததுதான். ஏப்ரலில் 10 சதவீதத்தில் ஆரம்பித்தார்கள். ஆகஸ்ட் 7 முதல் 25 ஆனது. ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சேர்த்தார்கள். இவை எல்லாமே ஏற்கெனவே இருந்த வரிக்கு மேல் வருபவை. காட்டன் டி-சர்ட்டுக்கு அங்கே பழைய வரியே 16.5 சதவீதம் என்பதால் இப்போது மொத்தம் 66.5. அதே டி-சர்ட் வங்கதேசத்திலிருந்தோ வியட்நாமிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போனால் கூடுதல் வரி 20 சதவீதம்தான். பாகிஸ்தானுக்கும் கம்போடியாவுக்கும் 19.

"வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர், உங்களுக்கு அதில் என்ன நஷ்டம்?" என்று எங்களிடம் நேரிலேயே கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். சுங்கத்தில் பணம் கட்டுவது அவர்தான். 2018-ல் அமெரிக்கா சீனப் பொருள்களுக்கு வரி போட்டதைப் பின்னாளில் ஆராய்ந்த பொருளாதார அறிஞர்களும், சீன விற்பனையாளர்கள் விலையைப் பெரிதாகக் குறைக்கவில்லை, ஏறக்குறைய முழுச் சுமையும் அமெரிக்க இறக்குமதியாளர்கள் மேல்தான் விழுந்தது என்று கண்டார்கள். அங்குள்ள கடைக்காரர்கள் தங்கள் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். மீதி வாங்குபவர் தலையில் போனது. அதே ஆண்டு வாஷிங் மெஷினுக்கு வரி போட்டபோது அதன் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. துணி உலர்த்தும் டிரையருக்கு வரியே போடவில்லை. ஆனால் இரண்டும் ஜோடியாக விற்கும் பொருள் என்பதால் டிரையர் விலையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏறியது. இந்த டிரையர் கதையைக் கீழே மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

அவ்வளவு பழைய கதைக்கும் போக வேண்டாம். சென்ற நவம்பர் 14-ம் தேதி காபி, தேயிலை, வாழைப்பழம், மாட்டிறைச்சி, மசாலாப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்க அரசே இந்த வரியிலிருந்து விலக்கு கொடுத்தது. அங்கே விலைவாசி பற்றி மக்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். காபியையும் வாழையையும் அங்கே தேவைக்கு விளைவிக்க முடியாது, எந்த நாட்டிலிருந்து வாங்கினாலும் வரி உண்டு. ஆகவே சுமை வாங்குபவர் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

பனியனுக்கு அந்த விலக்கு வரவில்லை, இப்போதைக்கு வரும் என்று நாங்கள் நம்பவும் இல்லை. காரணம் எளிது. திருப்பூர் தராவிட்டால் டாக்கா தரும். இடம் மாற முடிந்தவர் சுமையிலிருந்து நழுவிவிடுகிறார், மாற முடியாதவர் சுமக்கிறார். அமெரிக்க பையர் ஆர்டரை மாற்றலாம். பெரிய எக்ஸ்போர்ட்டர் கொஞ்சம் ஐரோப்பா பக்கம் திரும்பலாம். ஜாப் ஒர்க் யூனிட்டுக்குத் திரும்ப இடம் இல்லை. கடனில் வாங்கிய ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷினை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது.

நடந்தது என்ன என்று சொல்கிறோம். ஆகஸ்ட் 27-க்குள் சரக்கைக் கப்பல் ஏற்றிவிட வேண்டும் என்று ராத்திரி பகலாகத் தைக்கச் சொன்னார்கள், தைத்தோம். அதன் பிறகு பையர்கள் டிஸ்கவுண்ட் கேட்டார்கள். சில பார்ட்டிகள் டி.டி.பி. முறையில் அனுப்புகிறவர்கள். அதில் அமெரிக்க வரியையும் விற்பவரே கட்டிச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவர்களுக்கு இறக்குமதியாளர் கட்டுவார் என்ற பேச்சே கிடையாது. டிஸ்கவுண்ட் கொடுத்தவர்கள் லாபத்தில் கொஞ்சம் விட்டார்கள், இதை நாங்கள் மறுக்கவில்லை. மீதியை எங்கள் பீஸ் ரேட்டில் கழித்தார்கள். 60 நாளில் வந்துகொண்டிருந்த பில் பணம் 100 நாள், 120 நாள் என்று இழுக்கிறது. இதற்கு முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட சின்னக் கறைக்கும் தையல் விடுபட்டதற்கும் இப்போது பில்லில் பணம் பிடிக்கும் டெபிட் நோட் வருகிறது.

ஒரு டி-சர்ட்டின் ஏற்றுமதி விலை பேச்சுக்கு 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நம் சரக்குக்கு வரி 2 டாலர் 66 சென்ட். வங்கதேசச் சரக்குக்கு 1 டாலர் 46 சென்ட். வித்தியாசம் 1 டாலர் 20 சென்ட், இன்றைய மதிப்பில் 100 ரூபாய்க்கு மேல். அந்த டி-சர்ட்டைத் தைத்ததற்கு எங்களுக்குக் கிடைக்கும் கூலி இதில் கால்வாசிகூடத் தேறாது. நாங்கள் காசே வாங்காமல் தைத்துக் கொடுத்தாலும் அந்த 1 டாலர் 20 சென்ட் பள்ளம் நிரம்பாது. இது எங்கள் ரேட்டை இரண்டு ரூபாய் குறைக்கிறவர்களுக்கும் தெரியும். குறைக்க முடிகிற இடம் இது ஒன்றுதான் என்பதால் குறைக்கிறார்கள்.

டிரையர் கதை இங்கேதான் வருகிறது. ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் போகும் சரக்குக்கு டிரம்ப் வரி கிடையாது. ஆனால் அந்த ஆர்டருக்கும் 'அமெரிக்கா வரி, மார்க்கெட் சரியில்லை' என்றே ரேட் பேசுகிறார்கள். அமெரிக்க வேலை இல்லாமல் காலியாக நிற்கும் யூனிட்கள் ஐரோப்பிய வேலைக்குப் போட்டி போடுவதால் எவரும் மறுத்துப் பேச முடிவதில்லை. ரூபாய் மதிப்பு சரிந்து சென்ற வாரம் டாலர் 90 ரூபாயைத் தாண்டியதே, அது ஏற்றுமதிக்கு நல்லதுதானே என்பார்கள். டாலரில் வாங்குகிறவர்களுக்கு நல்லதாக இருக்கலாம். எங்கள் பில் ரூபாயில்தான்.

எங்களுக்குக் கீழே இருப்பது தொழிலாளர்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்ட், அதுவும் வாரம் மூன்று நான்கு நாள். பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் பாதியாகிவிட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போன ஒடிசா, பீகார் தொழிலாளர்களில் பலர் திரும்பவில்லை. இங்கேயே குடியிருப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை. பிசிறு வெட்டும் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வேலை குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவது அவர்கள்தான். நாங்களும் நிறுத்தியிருக்கிறோம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. முதலமைச்சர் அவர்கள் ஆகஸ்டிலேயே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் 31 சதவீதம் அமெரிக்காவுக்குப் போகிறது, தேசிய அளவில் அது 20 சதவீதம்தான் என்று அதில் சொல்லியிருந்தார். மத்திய அரசு இறக்குமதிப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத வரியை டிசம்பர் 31 வரை நீக்கியது. (அதன் பலன் நூற்பாலையோடு நின்றுவிட்டது, எங்கள் ரேட்டுக்கு ஒரு பைசா வரவில்லை. இடையில் பருத்தி விவசாயிக்கு விலை விழுந்ததுதான் மிச்சம். அது தனி மனுவுக்கு உரிய விஷயம்.) நவம்பர் 12-ல் மத்திய அமைச்சரவை ஏற்றுமதியாளர்களுக்குப் பிணையில்லாக் கூடுதல் கடனாக 20,000 கோடி ரூபாய் வரை அரசு உத்தரவாதம் தர ஒப்புதல் அளித்தது. நவம்பர் 14-ல் ரிசர்வ் வங்கி, செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை வரவேண்டிய கடன் தவணைகளை ஒத்திவைக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது.

எல்லாம் நல்ல திட்டங்கள். ஆனால் ரிசர்வ் வங்கிச் சலுகை ஏற்றுமதிக் கடன் நிலுவையில் உள்ளவர்களுக்கு மட்டும். எங்களிடம் இருப்பது மிஷின் லோனும் ஓ.டி. என்ற மிகைப்பற்றுக் கடனும். எங்களில் ஒருவர் வங்கிக் கிளையில் போய்க் கேட்டபோது, 'நீங்கள் எக்ஸ்போர்ட்டர் இல்லையே' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். உத்தரவாதக் கடன் எங்களைப் போன்றோருக்கு உண்டா என்ற கேள்விக்கும் அங்கே தெளிவான பதில் இல்லை. டியூட்டி டிராபேக், ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். போன்ற, ஏற்றுமதிப் பொருளுக்குக் கட்டிய வரிகளைத் திருப்பித் தரும் சலுகைகளும் ஷிப்பிங் பில் வைத்திருப்பவருக்கே போகின்றன. வரியின் சுமை பையரிடமிருந்து எக்ஸ்போர்ட்டர், எங்கள் யூனிட், தையல்காரர் என்று படிப்படியாக இறங்குகிறது. நிவாரணம் எக்ஸ்போர்ட்டரோடு நின்றுவிடுகிறது.

ஆகவே ஐயா அவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, கணக்கில் எங்களைச் சேர்க்க வேண்டும் என்பது. யார் ஏற்றுமதிக்குத் தைக்கிறார், யார் உள்நாட்டுக்குத் தைக்கிறார் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஜி.எஸ்.டி. பில்லும் டெலிவரி சலானும் யாருக்கு வேலை செய்தோம் என்பதைக் காட்டிவிடும். மாவட்டத் தொழில் மையம் மூலம் முகாம் போட்டு இந்த ஆவணங்களைச் சரிபார்த்து, ஏற்றுமதி சார்ந்த ஜாப் ஒர்க் யூனிட் என்று ஒரு சான்று கொடுத்தால் போதும். அந்தச் சான்று உள்ளவர்களுக்கும் தவணை ஒத்திவைப்பு கிடைக்க, ஐயா தலைமையில் நடக்கும் மாவட்ட வங்கியாளர் கூட்டத்தில் இதைத் தனிப் பொருளாக எடுத்து, மாநில வங்கியாளர் குழு வழியாக ரிசர்வ் வங்கிக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். இந்த ஒத்திவைப்பின் காலம் இன்னும் மூன்று வாரத்தில் முடிகிறது. அதை நீட்டிக்கும்போதாவது எங்களையும் சேர்க்க வேண்டும்.

அடுத்தது கூலி பாக்கி. இதற்குப் புதிதாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை, சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2006-ம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி எங்களுக்கு 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதமானால் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. புகார் கொடுக்க, பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றமும் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்த யூனிட்டுக்கு அந்தக் கம்பெனியில் அடுத்த லாட் கிடைக்காது என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யூனிட்காரர் தனியாகப் போய்ப் புகார் கொடுக்கும் முறை இங்கே பலிக்காது. மாவட்டத் தொழில் மையமே எல்லா யூனிட்களிடமும் பாக்கி விவரம் வாங்கி, யார் கொடுத்த தகவல் என்று வெளியே காட்டாமல், அதிகம் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகளை ஐயா முன்னிலையில் அழைத்துப் பேச வேண்டும். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுவரவு உள்ள கம்பெனிகள், சிறு யூனிட்கள் தங்கள் பில்லை வைத்து முன்கூட்டியே பணம் பெற உதவும் டி.ரெட்ஸ் இணையத் தளத்தில் கடந்த மார்ச் 31-க்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் உத்தரவு. நம் மாவட்டத்தில் அந்த வரம்புக்குள் வருபவர்கள் பதிவு செய்தார்களா, எங்கள் பில்களை அதில் ஏற்றுகிறார்களா என்றும் விசாரிக்க வேண்டும்.

தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம் இருக்கிறது. வேலை போனவருக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை தருகிறது. எங்கள் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. இ.எஸ்.ஐ. அலுவலர்களோடு சேர்ந்து பகுதிவாரியாக முகாம் நடத்தி, தகுதியுள்ளவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். இதிலும் ஒரு ஓட்டை உண்டு. வேலை முழுவதுமாகப் போனால்தான் உதவி. வாரத்தில் மூன்று நாள் வேலை, மீதி நாள் வீட்டில் என்று இருப்பவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார், இங்கே அப்படி இருப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு மாநில அரசு தற்காலிகமாக ஏதாவது உதவித்தொகை தரலாமா என்று தொழிலாளர் துறைக்கு எழுத வேண்டுகிறோம். எங்களில் சிலர் இ.எஸ்.ஐ. பிடிக்காமல் வேலை வாங்கியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. இதற்காக அவர்களின் தொழிலாளர்களைத் தண்டிக்காமல், இப்போது பதிவு செய்ய வாய்ப்பு கொடுங்கள்.

கரண்ட் பில்லில் ஓடாத மிஷினுக்கும் நிலைக்கட்டணம் வருகிறது. வேலை இல்லாத மாதங்களுக்காவது அதைத் தவணையில் கட்ட அனுமதி வாங்கித் தர வேண்டும்.

டெல்லியிலும் வாஷிங்டனிலும் பேச்சுவார்த்தை நடக்கிறது, வரி குறையலாம் என்கிறார்கள். குறைந்தால் சந்தோஷம். ஆனால் இறங்கிய ரேட் தானாக மறுபடி ஏறாது, இது எங்களுக்குப் பழைய அனுபவம். வரி குறையும் நாளில் ஜாப் ஒர்க் ரேட்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவர முத்தரப்புக் கூட்டம் ஒன்றை ஐயா கூட்ட வேண்டும் என்பதையும் இந்த மனுவிலேயே பதிவு செய்துவைக்கிறோம்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றுகளின் நகல், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான பாக்கி விவரம், வங்கித் தவணை விவரம் ஆகியவற்றை இணைத்துள்ளோம். பாக்கி விவரத்தில் கம்பெனிகளின் பெயரை எழுதவில்லை. நேரில் கேட்டால் சொல்கிறோம். அதிகாரிகள் எங்கள் யூனிட்களை எந்த நாளிலும் வந்து பார்க்கலாம். வருவது செவ்வாய், புதன் ஆக இருந்தால் நல்லது. திங்கட்கிழமை பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜாப் ஒர்க் யூனிட் நடத்துவோர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)