விற்ற வண்டிக்கும் ஆப்ஷனைத் திறந்துவிடுங்கள்: மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் சைக்கிள் நிறுவனங்களில் உதிரிபாகம், மென்பொருள், சர்வீஸ் ஆகிய பிரிவுகளைக் கவனிக்கிறவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் வண்டிகளை விரும்பி ஓட்டுகிற, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த, ஆனால் ஷோரூமில் வாங்காமல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒருவன் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். நீங்களே ஆப்ஷனாக விற்ற ஒரு வசதியை, நீங்களே தயாரித்த பாகத்தை வைத்துப் பின்னாளில் ஒருவர் அந்த வண்டியில் பொருத்தினால், மென்பொருளில் அதைத் திறந்துவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டே திறந்துவிடுங்கள். முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆப்ஷன் பட்டியலை ஒருவர் உட்கார்ந்து பார்ப்பது ஆர்டர் கொடுக்கிற அந்த ஒரு நாளில்தான். சூடாகும் கிரிப், கையைத் திருப்பிப் பிடிக்காமலே ஒரே வேகத்தில் ஓடவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல், குயிக் ஷிஃப்டர், டயர் பிரஷர் சென்சர் என்று வரிசையாகக் கேட்கிறீர்கள். அன்றைக்குக் கையில் இருக்கிற பணத்தைப் பார்த்துச் சிலதுக்கு டிக் அடிக்கிறார், சிலதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார். வண்டியோ பத்துப் பதினைந்து வருடம் ஓடப்போகிறது, இரண்டு மூன்று பேர் கை மாறப்போகிறது. முதல் ஆள் நகருக்குள்ளேயே ஓட்டியவராக இருக்கலாம், அவருக்கு க்ரூஸ் கன்ட்ரோல் எதற்கு? அடுத்து வாங்கியவர் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டுகிறவர், வலது மணிக்கட்டு மரத்துப்போகிறது. அவரிடம் அந்தப் பட்டியலை யாருமே காட்டவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் என்றோ டிக் அடிக்காமல் விட்டதற்கு இவர் வண்டியின் ஆயுள் முழுக்கக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது.

பழைய வண்டிகளில் இந்தச் சிக்கலே கிடையாது. கிரிப்பை வாங்கி மாட்டி, பேட்டரியிலிருந்து ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, ஒரு சுவிட்ச் வைத்து வயர் இழுத்தால் வேலை முடிந்தது. இன்றைய வண்டிகள் பலவற்றில் ஹேண்டில்பார் சுவிட்ச் வழியாகக் கிரிப்புக்கான கரன்ட் போவதே இல்லை. விரல் அழுத்தியதும் சுவிட்ச், வண்டிக்குள் இருக்கிற சிறு கணினியான கன்ட்ரோல் யூனிட்டுக்குச் செய்தி சொல்கிறது. இந்த வண்டிக்குச் சூடாகும் கிரிப் உண்டு என்று அந்த யூனிட்டின் நினைவகத்தில் எழுதியிருந்தால்தான் அது கரன்ட் விடும். யூனிட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டே வயர்களில். பாஷ் 1986இல் கார்களுக்காக வெளியிட்ட கேன் பஸ் முறைதான் இது. என்ஜினைக் கட்டுப்படுத்தும் யூனிட்டான ஈசியூ, பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ், மீட்டர் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. தடித்தடியாக இருந்த வயர்க்கட்டு மெலிந்திருக்கிறது, கோளாறு எங்கே என்று வண்டியே சொல்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை அந்த இரண்டு வயருக்கும் நடுவே வைத்தால் 60 ஓம் காட்டும், இரு முனையிலும் இருக்கிற 120 ஓம் ரெசிஸ்டர்கள் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். இவ்வளவையும் வீட்டு வாசலில் வைத்தே பார்த்துவிட முடிகிறது. கை வைக்க முடியாதது, யூனிட்டுக்குள் எழுதியிருக்கிற அந்த ஒரு வரியில் மட்டும்.

என் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) கேபிள் கிடையாது. கிரிப்பைத் திருப்பினால் ஒரு சென்சர் கோணத்தை அளந்து ஈசியூவுக்குச் சொல்கிறது, என்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியில் இருக்கிற மோட்டார் தட்டைத் திறக்கிறது. சக்கர வேகத்தை ஏபிஎஸ் சென்சர்கள் தருகின்றன. இரண்டு பிரேக்கிலும் சுவிட்ச் இருக்கிறது, கிளட்ச் லிவரிலும் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் க்ரூஸ் கன்ட்ரோலுக்கு வேண்டிய எல்லாமே வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது இடது கைப் பக்கம் இரண்டு பொத்தான்கள். அதே மாடலில் ஆப்ஷனோடு வந்த வண்டிக்கான இடது சுவிட்ச் செட்டை வாங்கினேன், உங்கள் பார்ட் நம்பர் அச்சிட்ட அசல் பாகம். பழைய செட்டைக் கழற்றி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் போகிற கனெக்டரைப் பிரித்துப் பார்த்தேன். பழைய சுவிட்சின் பக்கம் சில பின்கள் காலி. அவற்றுக்கு எதிரே, வண்டியின் வயரிங் பக்கம், ஒவ்வொரு துளையிலும் டெர்மினல் இருக்கிறது, வயர் வந்து நிற்கிறது, தண்ணீர் புகாமலிருக்க ரப்பர் சீல்கூடப் போட்டிருக்கிறது. தொழிற்சாலையிலேயே எல்லாம் செய்து வைத்திருக்கிறீர்கள். புது செட்டைச் சொருகினால் கிளிக் என்று உட்கார்ந்தது. ஹாரன், இண்டிகேட்டர், ஹை பீம் எல்லாம் வேலை செய்தன. க்ரூஸ் பொத்தானை அழுத்தினால் மீட்டரில் ஒன்றும் வரவில்லை.

சரி, சர்வீஸ் சென்டரில் கோடிங் செய்து, அதாவது யூனிட்டுக்குள் அந்த வரியை மாற்றி எழுதித் தருவார்கள் என்று போனேன். அங்கிருந்த மெக்கானிக் நல்ல மனிதர், ஆர்வமாகவே லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார். சேஸி நம்பரைப் போட்டதும் கம்பெனி சர்வரிலிருந்து பதில் வந்தது: இந்த வண்டிக்கு இந்த வசதி கிடையாது. அவருக்கும் அதைத் தாண்டிப் போக வழியில்லை. கட்டணம் எவ்வளவு ஆனாலும் தருகிறேன், எழுதிக் கேட்டுப் பாருங்கள் என்றேன். ஆர்டரில் இல்லாததைச் சேர்க்க முடியாது என்பதுதான் கடைசிவரை வந்த பதில். பாகம் அசல், வயரிங் அசல், த்ராட்டில் மோட்டாரும் அசல். என்ன குறை என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

குயிக் ஷிஃப்டரும் இதே கதைதான். கியர் லிவர் ராடில் ஒரு சிறிய சென்சர், கால் அழுத்துகிற விசையை உணர்ந்து ஈசியூவுக்குச் சொல்கிறது. ஈசியூ நொடியில் நூறில் சில பங்கு நேரம் என்ஜினின் இழுவையை வெட்ட, கிளட்ச் பிடிக்காமலே கியர் ஏறுகிறது. பல மாடல்களில் அந்தச் சென்சருக்கான கனெக்டர் என்ஜின் ஓரமாக மூடி போட்டு டேப் சுற்றிக் கிடக்கிறது, சென்சரை மாட்ட அரை மணி நேரம் போதும். டயர் பிரஷர் சென்சரில் கை வேலை கொஞ்சம் அதிகம்: டயரைக் கழற்ற வேண்டும், வால்வோடு சேர்த்து மாட்ட வேண்டும், பேலன்ஸ் பார்க்க வேண்டும், ரிசீவர் இல்லாத வண்டியானால் அதையும் வாங்க வேண்டும். அதெல்லாம் செய்கிறோம். செய்து முடித்தபின் சென்சரின் அடையாள எண்ணை வண்டிக்குள் பதிய வேண்டியிருக்கிறதே, அதற்கு மறுபடியும் உங்கள் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். சென்சருக்குள் இருக்கிற பேட்டரி சில வருடங்களில் தீர்ந்துவிடும், அப்போதும் இதே வாசல்.

இண்டிகேட்டர் விஷயம் சின்னதுதான், ஆனால் எனக்கு அதிகம் கோபம் வருவது அதில். சாதாரண பல்ப் 10 வாட் எடுக்கும், உங்களுடைய எல்இடி இண்டிகேட்டர் அதில் ஒரு பங்குதான் எடுக்கும். கரன்ட் குறைந்ததும் பல்ப் ஃபியூஸ் போய்விட்டது என்று யூனிட் நினைத்து வேகவேகமாகச் சிமிட்டுகிறது. இங்கே எல்இடி இருக்கிறது என்று யூனிட்டில் மாற்றி எழுதினால் தீர்ந்தது. அதைச் செய்ய வழியில்லாததால் கரன்ட்டைக் கூட்டிக் காட்ட ஆட்கள் ரெசிஸ்டர் வாங்கிச் சேர்க்கிறார்கள், அது பிளாஸ்டிக் பேனலுக்குப் பக்கத்தில் சூடேறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மிச்சப்படுத்திய மின்சாரம் அப்படியே வெப்பமாகப் போகிறது. இதைத் தவிர்க்க உங்களுக்கு ஆகிற செலவு என்ன?

எல்லாவற்றையும் எல்லா வண்டியிலும் பொருத்த முடியும் என்று சொல்ல வரவில்லை. மின்னணு சஸ்பென்ஷன் கேட்டால் ஃபோர்க், பின் ஷாக், சென்சர்கள், தனி யூனிட், வேறு வயரிங் என்று பாதி வண்டியை மாற்ற வேண்டும். அதற்கு அந்த வண்டியையே வாங்கிக்கொள்ளலாம். வளைவில் வேலை செய்கிற ஏபிஎஸ்ஸுக்கு வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கிற ஐஎம்யூ வேண்டும், அது இல்லாத வண்டியில் வெறும் கோடிங்கால் ஆகாது. சென்டர் ஸ்டாண்டுக்குக்கூட ஃபிரேமில் அதற்கான காது வைத்திருக்க வேண்டும். இவற்றுக்கு முடியாது என்று சொன்னால் ஏற்றுக்கொள்வோம், காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. நான் பேசுவது எல்லாம் தயாராக இருந்தும் அனுமதி மட்டும் இல்லாத வசதிகளைப் பற்றி.

பாதுகாப்பு என்று சொல்வீர்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. க்ரூஸ் கன்ட்ரோல் பிரேக் தொட்டதும் விட வேண்டும், கிளட்ச் பிடித்ததும் விட வேண்டும்; சுவிட்ச் ஒன்று பழுதாக இருந்தால் அது தெரிய வேண்டும். வலது கிரிப்பின் ஹீட்டர் வயரில் போதிய தளர்வு விடாமல் இறுக்கிக் கட்டிவிட்டால் த்ராட்டில் முழுசாகத் திரும்பி வராமல் மாட்டிக்கொள்ளலாம். உயிர் போகிற விஷயங்கள் இவை. அதனால்தான் உங்கள் கையால் நடக்க வேண்டும் என்கிறேன். நீங்கள் கதவை மூடினால் ஆட்கள் விட்டுவிடப் போவதில்லை, எங்கிருந்தோ வந்த நகல் டயக்னாஸ்டிக் கருவியையும் யாரோ மாற்றி எழுதிய சாஃப்ட்வேரையும் வைத்து ஈசியூவுக்குள் கை விடுகிறார்கள். பிரேக் சுவிட்ச் சரிபார்ப்பு அங்கே நடக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? நீங்கள் திறந்துவிட்டால் ஒரு செக்லிஸ்ட் இருக்கும், ஒரு மெக்கானிக் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

பின்னால் விற்பதில் உங்களுக்கும் வருமானம்தான், அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். கேடிஎம் சில மாடல்களில் முதல் 1,500 கிலோமீட்டருக்கு ஆப்ஷன் மென்பொருள்களைத் திறந்துவைத்துவிட்டு, அதன்பின் வேண்டுமென்றால் காசு கொடு என்று விற்றிருக்கிறது. அந்த முறையைத் திட்டுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் ஒன்று பிடித்திருக்கிறது: ஆர்டர் கொடுத்த நாள் போனால் போச்சு என்று அது சொல்லவில்லை. ஆனால் மாதச் சந்தா வேண்டாம். பிஎம்டபிள்யூ கார்களில் சீட் சூடாக்க 2022இல் சந்தா கேட்டார்கள், வாங்கிய ஆட்கள் கொதித்துப்போனார்கள், அடுத்த வருடமே அதைக் கைவிட்டார்கள். ஒருமுறை வாங்கினால் அது வண்டியோடு இருக்கட்டும், வண்டியை விற்றால் அதோடு போகட்டும். என் பெயரிலோ என் செல்போன் கணக்கிலோ கட்டி வைக்காதீர்கள்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. எப்படியோ கோடிங் செய்து வாங்கிய வசதி, அடுத்த சர்வீஸில் மென்பொருள் அப்டேட் போட்டதும் காணாமல் போகிறது. உங்கள் பதிவேட்டில் வண்டி பிறந்த நாளில் எழுதியதே இருப்பதால், அப்டேட் அதைப் பார்த்து எல்லாவற்றையும் பழையபடி எழுதிவிடுகிறது. ஆகவே திறப்பது வண்டியில் மட்டும் நடந்தால் போதாது, சேஸி நம்பருக்கு எதிரே உங்கள் பதிவேட்டிலும் ஏற வேண்டும்.

நடைமுறையில் நான் எதிர்பார்ப்பது இதுதான். சேஸி நம்பரைப் போட்டால் அந்த வண்டியில் எந்த வசதிக்கு வயரிங் தயாராக இருக்கிறது, எந்தெந்த பாகம் வேண்டும், எது முடியவே முடியாது, திறப்பதற்குக் கட்டணம் என்ன என்று யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வையுங்கள். பாக எண்ணோடு பிராக்கெட், போல்ட், கிளிப் வரை எழுதுங்கள், ஒரு கிளிப் இல்லாமல் வேலை நின்றுபோன அனுபவம் ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் இருக்கும். வெளி மெக்கானிக்குகளுக்கும் அந்த அனுமதியைக் கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 168/2013 விதிமுறை பழுதுபார்க்கும் தகவலை அவர்களுக்கும் தர வேண்டும் என்று உங்களைக் கேட்கத்தான் செய்கிறது, அதே வழியில் இதையும் சேர்ப்பது பெரிய காரியமில்லை. விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து கழற்றிய அசல் பாகத்தையும் புதுப் பாகத்தைப் போலவே ஏற்றுக்கொள்ளுங்கள், சோதித்துப் பார்த்துவிட்டு. அந்த மாடலுக்கு நீங்கள் உதிரிபாகம் விற்கிற காலம் வரைக்கும் இந்தச் சேவையும் இருக்கட்டும்.

முடியாது என்பதுதான் பதில் என்றால், எந்த மாடலில் எந்தத் தொழில்நுட்பக் காரணத்தால் முடியாது என்று எழுதி வெளியிடுங்கள். படித்துப் புரிந்துகொள்கிற அளவுக்கு எங்களுக்கு வண்டி தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுகிற ஒருவன்