விலை குறைந்த கேமரா தேறுமா?

அன்பு நண்பா,

நலம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? விலை குறைந்த கேமராவில் எடுத்தது டிவி ஒளிபரப்புக்குத் தேறுமா என்று கேட்ட உன் கடிதம் கிடைத்தது. "பார்க்கிறவன் வீட்டுக்குப் போய்ச் சேருவதே விநாடிக்கு ஏழெட்டு மெகாபிட்தான். கேமராவில் மட்டும் எதற்கு 50 கேட்கிறார்கள்?" என்றும் கேட்டிருக்கிறாய். கடைசியில் அவ்வளவு நசுக்கப் போகிறார்கள், அதனால்தான் முதலில் நிறையக் கேட்கிறார்கள்.

கார்டிலிருந்து எடிட்டுக்கு, எடிட்டிலிருந்து ஒளிபரப்பு சர்வருக்கு, அங்கிருந்து கடைசி என்கோடருக்கு (படத்தை அழுத்திச் சிறிதாக்கும் கருவி) என்று ஒரு காட்சி பலமுறை பிரிக்கப்பட்டு மறுபடி அழுத்தப்படுகிறது. முதல் தடவை போன விவரம் திரும்பி வராது. அதைவிட மோசம், முதல் அழுத்தத்தில் விழுந்த கட்டங்களும் எழுத்து விளிம்புகளில் கொசு மொய்ப்பது போல வரும் இரைச்சலும். அடுத்த என்கோடர் அவற்றையும் படம் என்றே நினைத்து அதற்கும் பிட் செலவழிக்கும். முகத்துக்குப் போக வேண்டிய பிட் குப்பைக்குப் போய்விடும். உன் கேமராவின் 28 மெகாபிட் ஏவிசிஹெச்டி பதிவு வீட்டு டிவியில் நேராகப் போட்டால் பளிச்சென்று இருப்பதும், ஒளிபரப்பில் போனதும் குழம்பிப்போவதும் இதனால்தான்.

ஐரோப்பிய ஒளிபரப்பாளர் சங்கத்தின் ஆர் 118 பரிந்துரை கேமராக்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. ஹெச்.டி. முழுநீள நிகழ்ச்சிகளுக்கு வழக்கமாகக் கேட்கும் அளவு 4:2:2 நிறப் பதிவு (4:2:0 என்றால் நிற விவரம் இதில் பாதிதான்). அதோடு, பல ஃபிரேம்களைச் சேர்த்து அழுத்தும் முறையானால் 50 மெகாபிட், ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாக அழுத்தினால் 100. செய்திக்கு விதி தளர்வு. சம்பவம் நடந்த இடத்தில் செல்போன்தான் இருந்தது என்றால் அதையும் போடுவார்கள். ஆகவே "தேறுமா" என்று கேட்பதற்கு முன் "எதற்கு" என்று முடிவு செய்துகொள். இன்னொன்று, ஒளியையும் நிறத்தையும் எத்தனை நுணுக்கமான படிகளாகப் பிரிக்கிறது என்பதைச் சொல்லும் பிட் கணக்கு. 10 பிட் இல்லாவிட்டால் கதை முடிந்தது என்று பயமுறுத்துவார்கள். பல நிலையங்களில் ஓடிய எக்ஸ்டிகேம் 422 வடிவம் 50 மெகாபிட், 4:2:2, ஆனால் 8 பிட்தான். 8 பிட்டில் லாக் மோடு (பின்னால் நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாக எடுக்கும் முறை) வைத்து எடுத்துவிட்டு, வானத்தில் பட்டை பட்டையாக வருகிறது என்று புலம்புவதுதான் தப்பு. 8 பிட் என்றால் ஹெச்.டி. டிவிக்கான வழக்கமான நிற அமைப்பான ரெக் 709-லேயே எடு.

சென்சார் பெரிதாக இருந்தால் தரம் தானே வரும் என்பதும் பாதி உண்மைதான். 2008-ல் வந்த கேனான் 5டி மார்க் 2 முழு ஃபிரேம் சென்சார் கொண்டது. ஆனால் வீடியோவுக்கு வரிகளை விட்டுவிட்டுப் படித்ததால் செங்கல் சுவரிலும் கோடு போட்ட சட்டையிலும் வானவில் மாதிரி அலை ஓடும், பதிவும் 4:2:0. 2010-ல் வந்த கேனான் எக்ஸ்எஃப்300-ல் இருந்தவை வெறும் 1/3 அங்குல சென்சார்கள் மூன்று. ஆனால் பதிவு 50 மெகாபிட், 4:2:2. வானவில் அலை படத்தில் புகுந்துவிட்டால் எடிட்டில் அதை முழுசாக எடுப்பது கஷ்டம். அப்படிப்பட்ட கேமராதான் மாட்டியது என்றால் ஷார்ப்னஸை முழுக்கக் குறை, லென்ஸை இழையளவு சாஃப்ட் பண்ணு. அவ்வளவுதான் செய்ய முடியும்.

ஹெச்.டி.எம்.ஐ. வழியாக வெளி ரெக்கார்டர் மாட்டுவது நல்ல வழி. உள்ளே 4:2:0 பதிவு செய்யும் பல கேமராக்கள் வெளியே 4:2:2 தருகின்றன. எடிட்டுக்கு ஏற்ற பதிவு வடிவமான புரோரெஸ் 422 ஹெச்.கியூ.வில் 1080, 25 ஃபிரேம் என்றால் சுமார் 184 மெகாபிட். மணிக்கு 83 ஜிபி போல ஆகும், டிஸ்க் கணக்கைப் பார்த்துக்கொள். மூன்று இடங்களில் தகராறு வரும். பேட்டரி அளவும் ஃபோகஸ் கட்டமும் படத்தோடு சேர்ந்து பதிவாகலாம், அந்தத் திரை எழுத்தை மெனுவில் அணைத்துவிடு. கேமரா 8 பிட் அனுப்பினால் ரெக்கார்டர் 10 பிட் ஃபைல் எழுதினாலும் சரக்கு 8 பிட்தான். 25 ஃபிரேமை 50 இன்டர்லேஸாக (ஒவ்வொரு ஃபிரேமையும் ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு பாதியாக்கி) மூட்டை கட்டி அனுப்பும் கேமராவும் உண்டு. ரெக்கார்டரில் அதைச் சொல்லாவிட்டால் எடிட்டில் அசைவெல்லாம் சீப்புப் பல்லாகிவிடும்.

வெள்ளை அளவு பலரும் கோட்டை விடும் இடம். 8 பிட்டில் கருப்பு 16, வெள்ளை 235. சின்னக் கேமராக்கள் 255 வரை எழுதும். அது ஏறத்தாழ 109 சதவீதம். அதே சங்கத்தின் ஆர் 103 விதி 105 சதவீதத்துக்கு மேல் விடாது. வெளிச்சம் மிஞ்சும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டும் ஸீப்ராவை 100-ல் வை. ஏற்கெனவே எடுத்ததை எடிட்டில் லிமிட்டர் (அளவு எல்லை தாண்டாமல் பிடிக்கும் வசதி) போட்டு இறக்கலாம். ஆனால் 255-ல் முட்டி வெளுத்துப்போன சட்டையில் மடிப்பு திரும்பி வராது. சிக்னலைப் பெருக்கிப் படத்தை வெளிச்சமாக்கும் கெயினையும் ஏற்றாதே: இருட்டில் 18 டெசிபல் வைத்தால் புள்ளி இரைச்சல் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகத் துள்ளும், என்கோடர் அதைத் துரத்திக்கொண்டே ஓடும். ஒரு விளக்கு கூடுதலாக வைத்தால் போகிற பிரச்சினை.

சத்தம்தான் எனக்கு அதிகக் கவலை. படத்தில் கொஞ்சம் குறை இருந்தால் கண்டுகொள்ளாமல் விடுவார்கள், ஒலியில் விடமாட்டார்கள். 3.5 மில்லிமீட்டர் மைக் துளையில் ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் தானியங்கி கெயின் இருந்தால், பேச்சு நிற்கும் போதெல்லாம் ஃபேன் சத்தம் மெல்ல மேலேறும். அளவைக் கையால் வை. கேமராவின் பிரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி) சீறும் என்பதால் அதைக் கீழ்ப்படியில் நிறுத்தி, மிக்ஸரிலிருந்து பலமாக அனுப்பு. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ். முடித்துக் கொடுக்கும்போது அதே சங்கத்தின் ஆர் 128 படி ஒலியின் சராசரி உரப்பு மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு).

செல்போனை இரண்டாவது கேமராவாக வைக்கிறாய் என்றால், பல போன்கள் ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும், எடிட்டில் உதடும் குரலும் மெல்ல மெல்லப் பிரியும். நிலையான வேகம் பூட்டும் செயலியில் எடு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ஷட்டர் 1/50, இல்லையென்றால் விளக்கு துடிக்கலாம்.

காசு கொடுப்பதற்கு முன் கேமராவை ஒரு நாள் இரவல் வாங்கு. பொடி எழுத்துப் பக்கம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, ட்ரைபாடில் வைத்து மெதுவாகத் திருப்பு. எழுத்து மினுக்கினால் விட்டுவிடு. பிறகு மூடிய லென்ஸோடு ஒரு நிமிடம், ஜன்னலுக்கு எதிரே ஒரு முகம், காற்றில் ஆடும் இலைகள். கார்டிலிருக்கும் ஃபைலை அப்படியே அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் வீடியோவாக மட்டும் அனுப்பாதே. அது தன் பங்குக்கு இன்னொரு தடவை நசுக்கிவிடும்.

அன்புடன்,
உன் பழைய தோழன்