டாக்டர்களுக்கும் மறுபரிசீலனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதம் என்றால் நாலரை மணி நேரத்துக்குள் அதைக் கரைக்கும் ஊசி போட வேண்டும், ஆனால் என் அப்பாவைப் பார்த்த டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி, காலையில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். நல்ல மனிதர்தான், படித்து 40 வருடம் ஆகிவிட்டது. அப்பாவுக்கு வலது கை இன்றும் விளங்கவில்லை.

கோத்தகிரி மலையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போவதற்குள் நேரம் ஓடிவிடும் எங்களுக்கு, முதலில் பார்க்கிற டாக்டரின் முடிவுதான் எல்லாமே. டாக்டர்கள் 5 ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி, அதாவது புதியதைக் கற்கும் வகுப்புகள், முடிக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நெறிமுறை விதியில் இருக்கிறது, சரி, ஹாலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் போதுமா? பிரிட்டனில் 2012 முதல், 5 ஆண்டுக்கு ஒருமுறை டாக்டரின் வேலையையே பரிசீலித்துத்தான் உரிமத்தைத் தொடர விடுகிறார்கள். இங்கேயும் அது வேண்டும். ஆனால் ஊட்டி மருத்துவக் கல்லூரியிலேயே வையுங்கள், சென்னைக்கு அலைய விட்டால் மலையில் இருக்கிற நாலு டாக்டரும் போய்விடுவார்கள்.

ஒரு வாசகர், கோத்தகிரி